டான்சிச் மூணு வருஷத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டது ஏன்? நாலாவது வருஷக் காசை விட்டது நஷ்டம்தானே?

கிருஷ்ணகிரி_கூடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி ஸ்டேடியத்துக்குச் சாயங்காலம் விளையாட வர்ற பசங்களுக்குள்ள ஒரு வாக்குவாதம், முடியவே மாட்டேங்குது. விவரம் தெரிஞ்சவங்க கணக்கோட சொன்னா, போர்டுல எழுதிப் போட்டு முடிச்சுடலாம்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக் என்பிஏவுல ஆடற லூக்கா டான்சிச் 2025 ஆகஸ்ட்ல தன் டீம் லேக்கர்ஸ் கூட 3 வருஷம், 16.5 கோடி டாலருக்கு ஒப்பந்தத்தை நீட்டிச்சார். அதே நாள்ல 4 வருஷத்துக்குப் போட்டிருந்தா கிட்டத்தட்ட 22.9 கோடி வந்திருக்கும்னு எல்லாப் பக்கமும் எழுதியிருக்காங்க. ஒரு கட்சி, "6.4 கோடி டாலரைத் தூக்கி எறிஞ்சுட்டார்"ங்குது. இன்னொரு கட்சி, "2028ல இன்னும் பெருசா வாங்கப் போறார்"ங்குது. பெருசுன்னா எவ்வளவு, எந்த விதிப்படின்னு கேட்டா ரெண்டு பக்கமும் பதில் இல்லை.

கூடவே இன்னும் ரெண்டு கேள்வி. ஐபிஎல் ஏலம் மாதிரி அதிகமா கேட்கிற டீமுக்குத்தான் ஆள் போவாரா? அப்புறம், நிக்ஸ் டீம்ல ஜேலன் பிரன்சன் 2024ல குறைச்சலா வாங்கிக்கிட்டாரே, அதுவும் இதே கணக்குதானா?

---

தொப்பூர்_கணவாய் எழுதியது:

முதல்ல ஏலம் விஷயத்தை முடிச்சுடுவோம். என்பிஏவுல ஏலமே கிடையாது. ஒப்பந்தம் முடிஞ்ச ஆளுக்குப் பேர் ஃப்ரீ ஏஜென்ட், எந்த டீம்னு தீர்மானிக்கிறது அவர்தான். ஆனா பெரிய ஸ்டாருக்கு எவ்வளவு தரலாம்னு லீக் ஒரு உச்சவரம்பு வெச்சிருக்கு. அதுக்கு மேல ஒரு டாலர்கூட எந்த டீமும் சேர்த்துத் தர முடியாது. அதனால ஸ்டார் விஷயத்துல "யார் அதிகம் தருவாங்க"ங்கிற கேள்வியே எழாது. எத்தனை வருஷத்துக்குப் போடறது, மறுபடி எந்த வருஷம் உட்கார்ந்து பேசறது, இது ரெண்டும்தான் அவர் கையில இருக்கு. டான்சிச் தேர்ந்தெடுத்தது ஒரு தேதியை. தொகை அதுக்குப் பின்னால தானா வந்தது.

உச்சவரம்பு அனுபவத்தைப் பொறுத்தது. லீக்ல 6 சீசன் வரைக்கும் ஆடினவருக்கு அந்த வருஷ சாலரி கேப்ல (ஒரு டீமோட மொத்தச் சம்பளத்துக்கு லீக் வெக்கிற அடிப்படை வரம்பு, சில விதிவிலக்கோட தாண்டலாம்) 25%, 7 முதல் 9 சீசன் வரை 30%, 10 சீசன் முடிச்சவருக்கு 35%. டான்சிச் 2018ல வந்தவர். 2025 கோடையில 7 சீசன் முடிஞ்சிருந்தது, அதனால 30%. 10 முடியறது 2028 கோடையில.

இப்ப அந்த 16.5 கோடி எங்கிருந்து வந்ததுன்னு போர்டுல போடுங்க.

2025-26 சாலரி கேப் 15.4647 கோடி டாலர். புது ஒப்பந்தம் தொடங்கறது 2026-27ல. கேப் ஒரு வருஷத்துக்கு அதிகபட்சம் 10% தான் ஏறலாம்னு லீக்கும் வீரர் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்த விதி. முழு 10% ஏறினதா வெச்சுக்கிட்டா 17.01 கோடி. அதுல 30% எடுத்தா 5.10 கோடி. இது முதல் வருஷச் சம்பளம்.

அடுத்த வருஷங்களுக்கு 8% உயர்வு. பசங்க தப்பு பண்றது இங்கதான். வட்டிக்கு வட்டி மாதிரி பெருக்கக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் முதல் வருஷச் சம்பளத்துல 8% தான் சேரும். அப்ப 1 + 1.08 + 1.16 = 3.24. 5.10-ஐ 3.24-ஆல பெருக்கினா 16.5 கோடி. நாலாவது வருஷம் 1.24, மொத்தம் 4.48, அதால பெருக்கினா 22.9 கோடி. ரெண்டு எண்ணும் சரியா வந்துடுச்சு பாருங்க. ஒரு எச்சரிக்கை: கேப் 7% தான் ஏறினா அதே 3 வருஷ ஒப்பந்தம் 16.1 கோடி பக்கத்துல நிக்கும். கையெழுத்துப் போடறப்ப எழுதறது சதவீதம், டாலர் கணக்கு சீசன் தொடங்கும்போதுதான் உறுதியாகும்.

இந்த மூணாவது வருஷம், அதாவது 2028-29, ப்ளேயர் ஆப்ஷன். வேணும்னா இருக்கலாம், வேண்டாம்னா வெளிய வரலாம், முடிவு அவரோடது. வெளிய வர்ற அந்தக் கோடையில அவருக்கு 10 சீசன் முடிஞ்சிருக்கும். அதுக்காகத்தான் 3.

அஞ்சு வருஷமா ஏன் நீட்டிக்கலைன்னு யாராவது கேட்டா: சாதாரண எக்ஸ்டென்ஷன்ல (ஒப்பந்த நீட்டிப்பு) நடப்பு ஒப்பந்தத்துல மீதியிருக்கிற வருஷத்தையும் சேர்த்து மொத்தம் 5 தான் வரலாம். 2026-27க்கு இருந்த ஆப்ஷனை விட்டதால அவருக்கு 2025-26 ஒண்ணுதான் மீதி. ஆக, புதுசா 4 வரைக்கும்தான். கையெழுத்து ஆகஸ்ட் 2ல விழுந்ததுக்கும் காரணம் உண்டு. ட்ரேடுல (டீம்கள் ஆளை மாத்திக்கறது) வந்த ஆளுக்கு முழு நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் தரணும்னா 6 மாசம் காத்திருக்கணும். டல்லாஸ் டீம்லேர்ந்து லேக்கர்ஸுக்கு அவர் ட்ரேடானது 2025 பிப்ரவரி 2.

---

ஓசூர்_பாயின்ட்கார்டு எழுதியது:

தொப்பூர் அண்ணன் கணக்கு சரி. ஆனா "30% லேர்ந்து 35%க்குப் போறார், அதுதான் லாபம்"னு பசங்க எழுதிக்கிட்டா பாதிதான் புரிஞ்ச மாதிரி. இதை எல்லாரும் அப்படியே சொல்றாங்க, அதனால கொஞ்சம் விரிவா எழுதறேன்.

30%ல தொடங்கி ரெண்டு தடவை 8% ஏறினா மூணாவது வருஷம் என்ன ஆகுது? 30 × 1.16 = 34.8. கிட்டத்தட்ட 35. அப்ப கேப் மூணு வருஷமும் அசையாம நின்னா, வெளிய வந்து 35% வாங்கறதும் பழைய ஒப்பந்தத்துலயே இருக்கறதும் ஒண்ணுதான். வித்தியாசம் அற்பம். லாபம் வர்றது வேற இடத்துலேர்ந்து. பழைய ஒப்பந்தத்துல அந்த 34.8%, 2026-27 கேப்பை அடிப்படையா வெச்சு உறைஞ்சு கிடக்கு. புதுசுல 35% 2028-29 கேப்பை வெச்சு எடுக்கறாங்க. நடுவுல கேப் ரெண்டு தடவை ஏறியிருக்கும். அந்த ரெண்டு ஏற்றம்தான் காசு.

இப்ப ரெண்டு பாதையையும் 2028-29, 2029-30 ஆகிய ரெண்டு சீசனுக்கு மட்டும் பக்கத்துல பக்கத்துல வைங்க. முதல் ரெண்டு சீசன் எந்தப் பாதையிலயும் ஒரே சம்பளம், அதைத் தொட வேண்டாம்.

கேப் வருஷா வருஷம் 10% ஏறினா: 4 வருஷப் பாதையில 5.92 + 6.33 = 12.25 கோடி. 2028ல வெளிய வந்தா 7.20 + 7.78 = 14.98 கோடி. வித்தியாசம் 2.7 கோடி டாலர்.

7% ஏறினா: 11.9 கோடிக்கு எதிரா 13.8 கோடி. வித்தியாசம் சுமார் 1.9 கோடி.

3% தான்னா: 11.5க்கு எதிரா 12.3. 80 லட்சத்துச் சொச்சம்.

ஏறவே இல்லைன்னா: 11.1க்கு எதிரா 11.3. சமம்னே வெச்சுக்கலாம்.

ஆக 22.9 கழித்தல் 16.5னு போடறது தப்பான கழித்தல். அந்த 6.4 கோடி எங்கயும் போகலை. 2029-30 சீசனுக்கும் அவர் எங்கயாவது ஆடிச் சம்பளம் வாங்கத்தான் போறார். கேட்க வேண்டிய கேள்வி, அந்த சீசனுக்கு 2025லயே விலை பேசி வைக்கறதா, 2028ல பேசறதாங்கறதுதான். நம்ம பக்கத்துல மாந்தோப்பு வெச்சிருக்கவங்களுக்கு இது உடனே புரியும். விலை ஏறும்னு தெரிஞ்ச தோப்பை யாரும் நீண்ட குத்தகைக்கு விட மாட்டாங்க.

கேப் ஏறும்கிற நம்பிக்கைக்கு ஆதாரமும் இருக்கு. 2025-26லேர்ந்து டிஸ்னி, என்பிசி, அமேசான் மூணு பேரோட 11 வருஷத்துக்கு 7,600 கோடி டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தம் ஓடுது.

2028ல முழுசா எவ்வளவுன்னு கேட்டிருந்தீங்க. 10% கணக்குப்படி லேக்கர்ஸ்லயே இருந்தா 5 வருஷம், 8% உயர்வு: 7.2 × 5.8 = சுமார் 41.8 கோடி. வேற டீமுக்குப் போனா அதிகபட்சம் 4 வருஷம், 5% உயர்வு: 7.2 × 4.3 = சுமார் 31 கோடி. 7% ஏற்றம்னா லேக்கர்ஸ் எண் 38.5 கோடி பக்கம். ட்ரேடுல வந்தவர்னாலும் லேக்கர்ஸுக்கு அவர் மேல பேர்டு ரைட்ஸ் (சில வருஷம் ஆடின சொந்த ஆளைக் கேப்பைத் தாண்டியும் வெச்சுக்கற உரிமை) முழுசா உண்டு. ஃப்ரீ ஏஜென்ட்டா டீம் மாறினாத்தான் அந்த வருஷக் கணக்கு அறுபடும். ட்ரேடானா ஆள் கூடவே அந்த உரிமையும் வந்துடும்.

---

பாலக்கோடு_லெஃப்ட்டி எழுதியது:

மேல ரெண்டு பேரும் லாபத்தை எழுதிட்டாங்க. குட்டை ஒப்பந்தத்துல என்ன கெட்டுப்போகும்னும் பசங்களுக்குத் தெரியணும். இல்லைன்னா "குட்டையா போடறவன்தான் கெட்டிக்காரன்"னு நினைச்சுக்குவாங்க.

என்பிஏ ஒப்பந்தம் பெரும்பாலும் முழு உத்தரவாதம். முழங்கால் போனாலும் எழுதின சம்பளம் வரும். அப்ப விட்டுக்கொடுத்த ஒவ்வொரு வருஷமும் விட்டுக்கொடுத்த காப்பீடு. டிமார்கஸ் கசின்ஸை எடுத்துக்குங்க. 2017-18 அவருக்கு ஒப்பந்தத்தோட கடைசி வருஷம், சம்பளம் 1.8 கோடி. ஆல்-ஸ்டார். 2018 ஜனவரியில அகில்லிஸ் தசைநார் அறுந்துது. அந்தக் கோடையில கோல்டன் ஸ்டேட்டுக்கு ஒரு வருஷத்துக்கு 53 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அதுக்கப்புறம் பெரிய ஒப்பந்தம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஆறு மாசம் கழிச்சு அதே காயம் வந்திருந்தா, கையில அஞ்சு வருஷ உத்தரவாதம் இருந்திருக்கும்.

அதே காயம் கெவின் டுரான்டுக்கும் வந்தது, 2019 இறுதிப் போட்டித் தொடர்ல. அவரும் வருஷா வருஷம் வெளிய வர்ற மாதிரி குட்டை ஒப்பந்தத்துலதான் இருந்தார். ஆனா புரூக்ளின் அவருக்கு 4 வருஷம், 16.4 கோடி கொடுத்துது, முதல் சீசன் முழுக்க ஆட மாட்டார்னு தெரிஞ்சே. ஒரே காயம், விலை வேற. உச்சத்துல இருக்கிற நாலஞ்சு பேருக்குத்தான் இந்த ரிஸ்க் தாங்கும். அடுத்த வரிசையில இருக்கறவங்க நீளமா வாங்கிக்கறதுதான் புத்திசாலித்தனம், என்னைக் கேட்டா.

கோல்டன் ஸ்டேட்டோட ஸ்டீஃபன் கரி 2012ல கணுக்கால் காயத்தோட இருந்தப்ப 4 வருஷம், 4.4 கோடிக்கு ஒத்துக்கிட்டார். அப்ப அது நியாயமான முடிவு. அடுத்த ரெண்டு எம்விபி (சீசனோட சிறந்த வீரர்) விருதும் அந்தச் சம்பளத்துலதான் வந்தது. 2016-17ல அவர் சம்பளம் 1.21 கோடி, டீம்லயே அவரைவிட அதிகமா வாங்கினவங்க இருந்தாங்க. ஆனா டுரான்ட் 2016ல அந்த டீமுக்கு வர இடம் இருந்ததுக்கு அந்தச் சின்னச் சம்பளமும் கேப் தாவினதும் சேர்ந்ததுதான் காரணம். 2017ல கரிக்கு 5 வருஷம், 20.1 கோடி.

லெப்ரான் 2014ல கிளீவ்லாண்டுக்குத் திரும்பினப்ப 2 வருஷம், ரெண்டாவது ஆப்ஷன். 2015ல மறுபடி அதே மாதிரி. 2016ல கேப் 7 கோடியிலேர்ந்து 9.41 கோடிக்கு ஒரே தாவலாத் தாவும்னு தெரியும், அதுக்காகக் காத்திருந்தார். 2014-15ல 2.06 கோடி வாங்கினவர் 2016-17ல 3.1 கோடி. இப்ப 10% வரம்பு இருக்கறதால அந்த மாதிரித் தாவல் இனி நடக்காது. அதனால ஒவ்வொரு வருஷமும் வெளிய வர்ற பழக்கத்துக்கு முன்னாடி இருந்த பலன் இல்லை. டான்சிச் பண்ணின மாதிரி ஒரு குறிப்பிட்ட வருஷத்தைக் குறி வெச்சு நிறுத்தறதுதான் இப்போதைய வழி.

---

கிருஷ்ணகிரி_கூடை எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும். 34.8% கணக்கைப் பார்த்ததும் ரெண்டு கட்சியும் அமைதியாயிடும்னு நினைக்கறேன்.

பிரன்சன் விஷயம் மட்டும் இன்னும் தொங்கல்ல இருக்கு. அவரும் 2018ல வந்தவர்தானே? இன்னொண்ணு, டான்சிச் டல்லாஸ்லயே இருந்திருந்தா எவ்வளவு வந்திருக்கும்?

---

அதியமான்_கோட்டை எழுதியது:

டல்லாஸ் கேள்விக்கு முதலில் பதில். அங்கேயே இருந்திருந்தால் 2025 கோடையில் சூப்பர்மேக்ஸ் எனப்படும் சலுகை எக்ஸ்டென்ஷனுக்குத் தகுதி பெற்றிருப்பார். அதில் 10 சீசன் வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே 35%. 17.01 கோடியில் 35% எடுத்து, புதிதாக 5 வருஷத்துக்கு 5.8-ஆல் பெருக்கினால் 34.5 கோடி வரும். இதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, கடந்த மூன்று சீசன்களில் இரண்டில் ஆல்-என்பிஏ அணியில் (சீசனின் சிறந்த வீரர்கள் பட்டியல்) இடம் பெற்றிருக்க வேண்டும் (அல்லது கடைசி சீசனில், அல்லது எம்விபி போன்ற விருது). 2024-25ல் அவர் 50 ஆட்டங்களே ஆடியதால் அந்த ஆண்டு ஆல்-என்பிஏவுக்குத் தகுதியில்லை. குறைந்தது 65 ஆட வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு சீசன்களிலும் இடம் பெற்றிருந்ததால் போதும். இரண்டாவது நிபந்தனைதான் அவரை அடித்தது. முதல் நான்கு சீசன்களுக்குள் எந்த அணியில் இருந்தாரோ அந்த அணி மட்டுமே இதைத் தரலாம். ஏழாவது சீசனில் ட்ரேடு ஆனதும் அந்த வாசல் மூடிவிட்டது, அதில் அவருடைய தவறு எதுவும் இல்லை. இது விதியின் பெரிய ஓட்டை என்றே கருதுகிறேன். வீரர் கேட்காமலே நடந்த ட்ரேடுக்கு வீரர் பணத்தை இழக்கக் கூடாது.

அடுத்து பிரன்சன். இவரும் 2018 டிராஃப்ட் (புது வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது), இவரை எடுத்தது டல்லாஸ்தான். 2022ல் ஃப்ரீ ஏஜென்டாக நிக்ஸுக்குப் போனார். 2024 ஜூலையில் எக்ஸ்டென்ஷன்: 4 வருஷம், 15.65 கோடி. ஓராண்டு பொறுத்திருந்தால் 5 வருஷம், 26.9 கோடி. இவர் கணக்கில் ஒரு வேறுபாடு உண்டு, பசங்கள் குழம்புவது இங்கேதான். சாதாரண எக்ஸ்டென்ஷனில் முதல் வருஷச் சம்பளம் முந்தைய சம்பளத்தின் 140%-ஐத் தாண்டக்கூடாது. பிரன்சனின் முந்தைய சம்பளம் 2.496 கோடி, 140% என்றால் 3.494 கோடி, 4.48-ஆல் பெருக்கினால் 15.65. டான்சிச்சின் முந்தைய சம்பளம் 4.6 கோடி, அதில் 140% என்பது 30% உச்சவரம்பையும் தாண்டிவிடுவதால் அவருக்கு இந்தத் தடை உறைக்கவே இல்லை. நிக்ஸால் 2024ல் பிரன்சனுக்கு அதற்கு மேல் தந்திருக்கவே முடியாது. அவர் முன்னால் இருந்தது "இன்று 15.65, அல்லது ஓராண்டு காயமில்லாமல் கடந்தால் 26.9" என்ற தேர்வு.

அவர் விட்டுக்கொடுத்ததால் அணிக்கு என்ன கிடைத்தது? 2025-26ல் அவர் சம்பளம் 3.49 கோடி. காத்திருந்தால் 4.64 கோடி. வித்தியாசம் 1.15 கோடி. இதை ஏப்ரன் கோடுகளோடு (அணியின் மொத்தச் சம்பளம் தாண்டினால் தடைகள் வரும் எல்லைகள்) வைத்துப் பார்க்க வேண்டும். 2025-26ல் கேப் 15.46 கோடி, சொகுசு வரிக் கோடு 18.79, முதல் ஏப்ரன் 19.59, இரண்டாம் ஏப்ரன் 20.78. இரண்டாம் ஏப்ரனைத் தாண்டிய அணி இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை ட்ரேடில் வாங்க முடியாது, மிட்-லெவல் விதிவிலக்கில் (கேப்பைத் தாண்டிய அணியும் நடுத்தரச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கும் வழி) ஆள் எடுக்க முடியாது, ஏழு ஆண்டுக்கு அப்பாலுள்ள முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பும் முடங்கும். கார்ல்-ஆன்டனி டவுன்ஸ், மிக்கல் பிரிட்ஜஸ், ஓஜி அனுனோபி மூவரையும் வைத்துக்கொண்டு நிக்ஸ் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றதென்றால், அந்த 1.15 கோடிதான் முக்கியக் காரணம்.

பிரன்சனும் தேதியை விடவில்லை. கடைசி வருஷமான 2028-29 ப்ளேயர் ஆப்ஷன். 2028 கோடையில் அவருக்கும் 10 சீசன் முடிந்திருக்கும், 35%க்குப் பேசலாம். விட்டதில் ஒரு பகுதியை அங்கே மீட்க வழி இருக்கிறது. ஆனால் அப்போது வயது 32 நெருங்கியிருக்கும், டான்சிச்சுக்கு 29 தான். கணக்கில் இது பெரிய வித்தியாசம்.

அணி தரப்பில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது: கையெழுத்து வரிசை. 2024ல் பிலடெல்பியா செய்ததை அப்படியே போர்டில் எழுதலாம். டைரீஸ் மேக்ஸியின் ஒப்பந்தம் முடிந்திருந்தது. கையெழுத்துப் போடும்வரை அவர் பேரில் கேப் கணக்கில் நிற்பது 1.3 கோடி மட்டுமே, அதற்குக் கேப் ஹோல்டு என்று பெயர். போட்டுவிட்டால் 3.51 கோடி. அதனால் மேக்ஸியைக் காத்திருக்க வைத்து, நடுவில் கிடைத்த 2.2 கோடி இடத்தையும் சேர்த்து பால் ஜார்ஜை 4 வருஷம், 21.16 கோடிக்கு வெளியிலிருந்து எடுத்தார்கள். அதன் பிறகு மேக்ஸிக்குக் கேப்பைத் தாண்டியே 5 வருஷம், 20.4 கோடி, பேர்டு ரைட்ஸ் இருப்பதால். வரிசையை மாற்றியிருந்தால் ஜார்ஜுக்கு இடமே இருந்திருக்காது. மறுபக்கம், ஜார்ஜை இழந்த கிளிப்பர்ஸுக்குப் பதிலாக ஒரு ஆள்கூட வரவில்லை.

---

தொப்பூர்_கணவாய் எழுதியது:

அதியமான் சார் சொன்ன வரிசை விஷயத்துல ஒரு ஆபத்து உண்டு. காத்திருக்கச் சொல்றது வாய்வார்த்தைதான். ஜூன் 30 சாயங்காலம் 6 மணிக்கு, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி, வெளி டீமோட பேச ஆரம்பிக்கலாம். நமக்கு ஜூலை 1 விடியக்காலை மூணரை. கையெழுத்து செல்லுபடியாறது ஜூலை 6, நம்ம நேரம் ராத்திரி ஒன்பதரைக்கு மேல. நடுவுல "ஒப்புக்கொண்டார்"னு வர்ற பெரிய செய்தி எதுவும் யாரையும் கட்டாது. 2015ல டியாண்ட்ரே ஜோர்டன் டல்லாஸுக்கு வாய்மொழியா ஒத்துக்கிட்டு, கையெழுத்து நேரத்துல கிளிப்பர்ஸுக்கே திரும்பிட்டார். டல்லாஸ் அதுக்குள்ள மத்த ஆளுங்களைத் தவற விட்டுடுச்சு. பசங்க மூணரை மணிக்கு எழுந்து பார்த்த செய்தியை முடிவுன்னு எழுதி வைக்க வேண்டாம்.

சொந்த டீம் ஆளோட மட்டும் 2024லேர்ந்து இறுதிப் போட்டி முடிஞ்ச மறுநாளே பேசலாம்.

வரி பத்தி யாராவது கேட்பாங்க. டெக்சஸ், ஃப்ளோரிடாவுல மாநில வருமான வரி இல்லை. கலிஃபோர்னியாவுல உச்ச அடுக்கு 13%க்கு மேல. ஆனா டல்லாஸ்ல இருந்தா முழுசா மிச்சம்னு இல்லை. வெளியூர்ல போய் ஆடற நாட்களுக்கு அந்தந்த மாநிலம் வரி பிடிக்கும். கலிஃபோர்னியாவுல குடியிருக்கறவருக்கு எங்க சம்பாதிச்சாலும் அந்த மாநில வரி உண்டு. இதை மேல போட்ட கணக்குக்குள்ள நுழைக்காதீங்க, தனி வரியா எழுதுங்க.

---

பாலக்கோடு_லெஃப்ட்டி எழுதியது:

அதியமான் சார், ஒரு இடத்துல மாறுபடறேன். பிரன்சனைப் பத்தி எழுதறவங்க எல்லாரும் தியாகம், விட்டுக்கொடுத்தல்னுதான் எழுதறாங்க. அதுல உண்மை இருக்கு. ஆனா 2024ல அவர் முன்னாடி இருந்தது காயம் பட்டா போயிடக்கூடிய ஒரு வருஷம். உயரம் ஆறடி ரெண்டு அங்குலம், ஆட்டம் முழுக்க பெரிய ஆளுங்க மேல மோதி உள்ள புகுந்துதான் ஸ்கோர் பண்றார். அப்படிப்பட்டவர் 15.65 கோடி உத்தரவாதத்தை ஒரு வருஷம் முன்னாடியே வாங்கிக்கறதுல சுயநலமும் இருக்கு, அது தப்பும் இல்லை. டுரான்ட் 2017ல பண்ணினதுதான் சுத்தமா விட்டுக்கொடுத்தது. அவருக்கு கோல்டன் ஸ்டேட், முந்தைய சம்பளத்துல 120% வரை தரலாம்ங்கிற விதியிலயே 3.18 கோடி வரை கொடுத்திருக்கலாம், 2.5 கோடி எடுத்துக்கிட்டார். பதிலுக்கு நீளமோ உத்தரவாதமோ எதுவும் வாங்கிக்கலை. இகுவடாலா, லிவிங்ஸ்டன் ரெண்டு பேரையும் டீம் வெச்சுக்க அது உதவினது.

---

ஓசூர்_பாயின்ட்கார்டு எழுதியது:

கடைசியா ஒண்ணு, டான்சிச் 2028ல ஏன் எக்ஸ்டென்ஷன் வேண்டாம்னு புது ஒப்பந்தமாவே போட வாய்ப்பிருக்குங்கிறதுக்கு. என் சம்மதம் இல்லாம ட்ரேடு பண்ணக் கூடாதுங்கிற ஷரத்தை எக்ஸ்டென்ஷன்ல எழுதவே முடியாது. ஃப்ரீ ஏஜென்டா வெளிய வந்து போடற புது ஒப்பந்தத்துல மட்டும்தான். அதுக்கும் லீக்ல 8 வருஷம், அந்த டீம்ல 4 வருஷம் இருக்கணும். பிராட்லி பீல் 2022ல வாஷிங்டன்ல 5 வருஷம், 25.1 கோடிக்கு இப்படித்தான் வாங்கினார். ஃபீனிக்ஸுக்கு ட்ரேடானப்பவும் அந்த ஷரத்து கூடவே போச்சு. அதனால ஃபீனிக்ஸால அவரை நினைச்ச இடத்துக்கு அனுப்ப முடியலை. 2025 ஜூலையில மீதிக் காசைப் பேசித் தீர்த்து வெளிய விட வேண்டியதாச்சு. லெப்ரானும் 2024ல லேக்கர்ஸ்ல போட்ட 2 வருஷ ஒப்பந்தத்துல அதை வாங்கினார்.

அதனால போர்டுல 2028ன்னு எழுதறப்ப, பக்கத்துல 35% மட்டும் போடாம "ஆப்ஷனை விட்டு வெளிய வந்தா 5 வருஷம், உள்ளயே நீட்டிச்சா ட்ரேடு தடை ஷரத்து கேட்க முடியாது"ன்னும் சேர்த்து எழுதுங்க தம்பி.